பறக்கும் குதிரையை நம்புவோம், மேலே உட்கார்ந்திருப்பவனை?

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று கல்லூரித் தமிழ் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மன்றச் செயலாளர் தம்பி போனில் கூப்பிட்டு, "அண்ணா, நீங்க சிறுவர் பத்திரிகைக்கு மாயாஜாலக் கதை எழுதறீங்கன்னு கேள்விப்பட்டோம். அந்த மாதிரிக் கதையில நம்பற மாதிரி ஒரு ஹீரோவை உருவாக்கறது எப்படின்னு பேசணும்" என்றார். "நான் பம்ப் கம்பெனியில வேலை பார்க்கிறவன்ப்பா" என்றேன். "அதனாலதாண்ணா கூப்பிடறோம். இலக்கியவாதியைக் கூப்பிட்டா எங்களுக்குப் புரியாது" என்றார். இது பாராட்டா, வேறெதுவுமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. எப்படியோ, எனக்குத் தெரிந்த மெக்கானிக்கல் பாஷையிலேயே பேசுகிறேன். பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நியாயமான கேள்வி. மாயாஜாலக் கதை என்பதே முழுப் பொய். குதிரை பறக்கும், மரம் பேசும், மோதிரம் போட்டால் ஆள் மறைவான். இவ்வளவு பொய்க்கு நடுவில் நாயகன் மட்டும் ஏன் நம்பும்படி இருக்க வேண்டும்?

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1939-இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பின்னர் அது கட்டுரையாகவும் வந்தது. அதில் பச்சைச் சூரியன் என்று ஓர் உதாரணம் வருகிறது. 'பச்சைச் சூரியன்' என்று எழுதிவிட யாராலும் முடியும். அந்தப் பச்சைச் சூரியன் இயல்பாகத் தோன்றுகிற ஓர் உலகத்தை உண்டாக்குவதுதான் பெரும்பாடு என்கிறார். நான் இதோடு ஒன்று சேர்த்துக் கொள்வேன். அந்த உலகத்தில் நாம் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இருக்கும் ஒரே கை நாயகனுடைய கை. குதிரை பறந்தால் நாம் கேள்வி கேட்பதில்லை. முதன்முதலாக அதில் ஏறியவனுக்கு வயிற்றைப் பிசையவில்லை, கீழே பார்த்தபோது கால் கூசவில்லை என்றால், "என்னய்யா கதை விடறான்" என்று புத்தகத்தை மூடிவிடுகிறோம். குதிரையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. பயத்தைப் பற்றி எல்லாம் தெரியும். தெரிந்த விஷயத்தில் ஏமாற்றினால் வாசகன் மன்னிக்க மாட்டான்.

சரி, எப்படிச் செய்வது? எனக்குத் தெரிந்த நான்கு வேலைகளைச் சொல்கிறேன்.

முதல் வேலை, நேம் பிளேட் அடிப்பது.

நம் லேபில் இருந்த மோட்டார்களில் எல்லாம் ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கும். எத்தனை குதிரைத்திறன், எத்தனை வோல்ட், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, தொடர்ந்து ஓடுமா, விட்டுவிட்டு ஓட்ட வேண்டுமா, எல்லாம் அதில் இருக்கும். தகடு இல்லாத மோட்டாரை யாரும் நம்பி வாங்க மாட்டார்கள். எல்லாம் செய்யக்கூடிய நாயகனும் தகடு இல்லாத மோட்டார்தான். அவனால் எது முடியும் என்பதைவிட எது முடியாது என்பதை முதலில் எழுதுங்கள்.

இதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவை இங்கே மூத்தவர்கள் வளர வளரப் படித்திருப்பீர்கள். அந்தப் பத்திரிகை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் யாருக்கும் மறந்திருக்காது. கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், பின்னால் சுடுகாடு. விக்கிரமாதித்தனும் வேதாளமும்! அந்த ராஜாவின் வீரத்தைப் பற்றி நமக்கு யாதொரு சந்தேகமும் கிடையாது. ஆனால் கதையை ஓட்டுவது வீரம் அல்ல, ஒரு நிபந்தனை. வழியில் வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். விடை தெரிந்தும் வாய் மூடியிருந்தால் தலை வெடித்துவிடும். ஆக, அவனுடைய அறிவே அவனுக்கு எதிரி. ஒவ்வொரு தடவையும் சரியான தீர்ப்பைச் சொல்கிறான், ஒவ்வொரு தடவையும் தோற்று மறுபடி மரத்துக்கு நடக்கிறான்.

வடமொழிக் கதைத் தொகுப்பில் இது இருபத்தைந்து கதைகளாக வருகிறது. கடைசிக் கேள்வியில்தான் வேடிக்கை. தகப்பன், மகன் இருவரும் ஒரு மகளையும் அவள் தாயையும் மாற்றி மணந்துகொண்டால் பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்று வேதாளம் கேட்கிறது. ராஜாவுக்கு உண்மையிலேயே விடை தெரியவில்லை. அதனால் பேசாமல் நடக்கிறான், வேலை முடிந்துவிடுகிறது! தெரியாமல் போன ஒரே ஒரு கேள்விதான் அவனைக் கரை சேர்த்தது. அந்தக் கணத்தில்தான் அந்த மகாராஜா நமக்குப் பக்கத்து வீட்டு மனிதராகிறார். வைவாவில் முழித்தவர்கள் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது வேலை, அவனுக்கு ஒரு சின்ன ஆசை கொடுப்பது.

உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்த மனிதனும் காலையில் எழுந்திருப்பதில்லை. காப்பி குடிக்க வேண்டும் என்றுதான் எழுந்திருக்கிறான். 1951-இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த 'பாதாள பைரவி' படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். என்.டி. ராமராவ் தோட்டக்கார வீட்டுப் பையன். எஸ்.வி. ரங்கராவ் மந்திரவாதி. பாதாளக் குகைக்குள் பையன் போவது தர்மத்தை நிலைநாட்ட அல்ல. இளவரசி மேல் ஆசை. தனக்குச் சமமான செல்வத்தோடு வந்தால் பெண் தருகிறேன் என்று ராஜா சொல்லிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். வேலை கிடைத்தால்தான் பெண் பார்க்க வருவோம் என்று சொல்லும் ஊரில் பிறந்த நமக்கு, இதைவிட நம்பத்தகுந்த காரணம் வேண்டுமா?

டோல்கீனின் 'ஹாபிட்' நாவல் 1937-இல் வந்தது. அதன் நாயகன் பில்போ குள்ளமான, சாப்பாட்டுப் பிரியனான, ஐம்பது வயது ஆசாமி. டிராகனைத் தேடிப் புறப்படும் அன்று அவனுக்கு வந்த கவலை, கைக்குட்டையை மறந்துவிட்டோமே என்பது! வழி நெடுக வீட்டு அடுப்பையும் கெட்டிலையும் நினைத்து ஏங்குகிறான். கடைசியில் டிராகனைக் கொல்வதும் அவனல்ல, பார்ட் என்கிற வில்லாளி. அப்படியானால் பில்போ செய்த பெரிய வீரச்செயல் எது? டிராகன் படுத்திருக்கும் குகைக்கு இறங்கும் சுரங்கப் பாதையில், பாதி வழியில், இருட்டில், குறட்டைச் சத்தம் கேட்டுத் தயங்கி நிற்கிறான். பிறகு தொடர்ந்து நடக்கிறான். அவன் செய்ததிலேயே துணிச்சலான காரியம் அதுதான் என்று ஆசிரியரே சொல்கிறார். டிராகனை இன்னும் பார்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தனியாக, யாரும் பார்க்காத இடத்தில், மேலும் நான்கு அடி. வீரத்தை இவ்வளவு சின்ன அளவில் எழுதினால்தான் நம்மால் அதைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது.

மூன்றாவது வேலை, கணக்கு வைப்பது.

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று முதலாண்டிலேயே படித்துவிட்டோம். பம்பிலும் அப்படித்தான். அதே பம்பில் ஹெட் கூடினால் டிஸ்சார்ஜ் குறையும். இரண்டும் கூட வேண்டும் என்று கஸ்டமர் கேட்பார், நடக்காது. மந்திரத்துக்கும் இந்த விதி வேண்டும். எடுத்த இடத்தில் குறைய வேண்டும்.

இதை மிக அழகாகச் செய்தவர் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின். அவருடைய எர்த்ஸீ வரிசையின் முதல் நாவல் 1968-இல் வந்தது. நாயகன் கெட், ஒரு தீவில் பிறந்த வெண்கலக் கொல்லரின் மகன், ஆடு மேய்த்தவன். அங்கே மந்திரம் என்பது பொருள்களின் உண்மைப் பெயரை அறிவது. ஆனால் ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோரிடத்தில் வறட்சி வரலாம் என்று ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். கெட்டுக்குத் திறமை அதிகம், திமிர் அதைவிட அதிகம். தன்னைச் சீண்டிய ஒரு சீனியர் மாணவன் முன்னால் சவடால் காட்டுவதற்காக, இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவு வழியாக ஒரு நிழல் உருவம் உலகத்துக்குள் வந்துவிடுகிறது. பிளவை மூடும் முயற்சியில் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். கெட்டின் முகத்தில் ஆயுளுக்கும் தழும்பு. ஹாஸ்டல் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு, இந்த சீனியர் ஜூனியர் சவாலில் ஒரு துளிகூடப் பொய் தெரியாது.

பிறகு அவன் ஒரு சிறு மீனவக் கிராமத்துக்கு மந்திரவாதியாகப் போகிறான். நண்பனின் சின்னக் குழந்தை காய்ச்சலில் சாகக் கிடக்கிறது. காப்பாற்றப் பார்க்கிறான், முடியவில்லை. குழந்தையைத் தொடர்ந்து மரண எல்லைவரை போய், தானே திரும்ப முடியாமல் தவிக்கிறான். பின்னால் டிராகனையே பெயர் சொல்லி அடக்குகிறவனுக்கு ஒரு குழந்தையின் காய்ச்சலை இறக்க முடியவில்லை. இந்த இடம் இல்லாமல் டிராகன் காட்சி மட்டும் இருந்திருந்தால் நான் அவனை மறந்திருப்பேன்.

இன்னொரு செய்தி. கெட் செம்பழுப்பு நிறத்தவன், அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் கறுத்த நிறத்தவர்கள் என்று லெ குவின் வேண்டுமென்றே எழுதினார். 2004-இல் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் வெள்ளைக்கார நடிகரைப் போட்டார்கள். அவர் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். நாயகன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று நம் தலைக்குள் ஏற்கனவே ஒரு அச்சு வார்த்து வைத்திருக்கிறது. அந்த அச்சில் ஊற்றினால் வேலை சுலபம், ஆனால் வருவது நம் ஆளாக இருக்காது.

நான்காவது வேலைதான் கடினமானது. அவனை உடைய விடுவது.

'மோதிரங்களின் தலைவன்' மூன்று பாகங்களாக 1954, 55-இல் வெளிவந்தது. நம்மில் பலர் ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் படமாகப் பார்த்தோம். ஃப்ரோடோ என்ற சிறிய ஆள், தீய மோதிரத்தை எரிமலைத் தீயில் போட ஆயிரம் துன்பம் பட்டு நடந்து போகிறான். விளிம்பில் நிற்கிறான். போட மாட்டேன் என்கிறான். அது என்னுடையது என்று விரலில் மாட்டிக் கொள்கிறான். கோல்லம் என்ற பரிதாப ஜந்து பாய்ந்து, அவன் விரலோடு மோதிரத்தைக் கடித்து எடுக்கிறது. 2003-இல் வந்த படத்தில் ஃப்ரோடோ மறுபடி எழுந்து அதோடு மல்லுக்கட்டுவான், அந்தப் போராட்டத்தில் அது விழும். நாவலில் அப்படி இல்லை. சந்தோஷத்தில் கூத்தாடிய கோல்லம் தானே கால் தவறி விழுகிறது. ஃப்ரோடோ எதுவுமே செய்யவில்லை. நாயகன் கடைசிக் கட்டத்தில் தோற்றுவிட்டான் என்பதே உண்மை.

சில வாசகர்கள் இதைக் கேட்டு டோல்கீனுக்கு எழுதினார்கள். அவருடைய கடிதங்கள் 1981-இல் புத்தகமாக வந்தன. அதில் அவர் தரும் விளக்கம் நம் ஆட்களுக்கு உடனே பிடிபடும். அந்த இடத்தில் மோதிரத்தின் அழுத்தம் உச்சத்தில் இருந்தது, யாராலும் தாங்க முடியாத அளவு, எனவே அதை ஒழுக்கக் குறைவாகக் கொள்ளக் கூடாது என்கிறார். ஒரு பம்ப் கேசிங்கை வேலை அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு வைத்துச் சோதிக்கிறோம். அதற்கு மேலும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வெடிக்கும். வெடித்தால் அதை 'கோழை வார்ப்பு' என்று ரிப்போர்ட் எழுதுவோமா?

பிறகு எப்படி ஜெயித்தார்கள்? அதிர்ஷ்டமா? அங்கேதான் ஆசிரியரின் சாமர்த்தியம். முன்பு பில்போவும், பிறகு ஃப்ரோடோவும், கோல்லத்தைக் கொல்லக் கிடைத்த வாய்ப்பில் இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். அந்த இரக்கம்தான் கடைசியில் வேலை செய்தது. பிரஷர் ஏறுவதற்கு முன்பே பொருத்தி வைத்த சேஃப்டி வால்வு மாதிரி. மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் கதைகளில் கடைசிப் பக்கத்தில் ஒரு முனிவரோ தேவதையோ வந்து காப்பாற்றுவதைப் பார்க்கிறேன். உதவி வரலாம், தப்பில்லை. ஆனால் அது நாயகன் எங்கோ முன்னால் செய்த ஒரு காரியத்திலிருந்து வர வேண்டும்.

வீடு திரும்பிய பிறகும் ஃப்ரோடோ குணமாகவில்லை. கத்திக் குத்துப்பட்ட அதே தேதியில் ஆண்டுதோறும் அவனுக்கு உடம்பு முடியாமல் போகிறது. டோல்கீன் 1916-இல் சோம் போர்க்களத்தில் சிக்னல் அதிகாரியாக இருந்தவர். பதுங்குகுழிக் காய்ச்சலோடு திரும்பியவர். 1918-க்குள் ஒருவரைத் தவிர நெருங்கிய நண்பர்கள் எல்லோரையும் இழந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். திரும்பி வந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். உலோகத்துக்கு 'ஃபெடீக்' வரும் என்று படித்தோமே, ஒரே தடவையில் தாங்கும் பாரத்தைப் பல தடவை ஏற்றி இறக்கினால் விரிசல் விடும் என்று. அது மனிதனுக்கும் உண்டு.

இதுவரை இருந்ததை வைத்து ஒன்று கட்டிப் பார்ப்போம். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புழுதி கிளம்புகிற ஊர்கள் உண்டு. அப்படி ஓர் ஊரில் கிணறு வெட்டுபவரின் மகன், மாரி என்று வையுங்கள். தரையில் காதை வைத்தால் நீரோட்டம் கேட்கும். இது சக்தி. எல்லை, சொந்த நிலத்தில் மட்டும் கேட்காது. ஆசை, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டும். விலை, ஒவ்வொரு தடவை நீரைக் கேட்கும்போதும் ஒரு மனிதரின் குரல் அவனுக்குக் கேட்காமல் போய்விடும். யார் குரல் என்பது அவன் கையில் இல்லை. முதலில் பஸ் கண்டக்டர் குரல் போயிற்று, சிரித்தான். பிறகு கணக்கு வாத்தியார் குரல், அதற்கும் சிரித்தான். மூன்றாவது, கூடவே சுற்றும் சிநேகிதன். இப்போது பக்கத்து ஊர் முழுக்கக் குடத்தோடு வாசலில் நிற்கிறது. உள்ளே அம்மா, "மாரி, சாப்பிட வாடா" என்று கூப்பிடுகிறாள். அவன் என்ன செய்வான்? முடிவு என்னிடம் இல்லை. உங்களில் யாராவது எழுதுங்கள், நான் உரிமை கொண்டாட மாட்டேன்.

சரி, இவ்வளவு எதற்கு? கதைதானே என்று கேட்கலாம்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், அப்போதுதான் சேர்ந்த ஒரு தம்பி இருந்தார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவர் பொறுப்பில் விட்ட முதல் டிரையல் ரன்னில் பேரிங் பிடித்துக் கொண்டு ஷாஃப்ட் போய்விட்டது. யாருக்கும் அடி படவில்லை. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு முறை நடப்பதுதான். ஆனால் அவர் மறுநாள் வரவில்லை. மூன்று நாள் போன் எடுக்கவில்லை. அறைக்குப் போய்ப் பார்த்தபோது பெட்டி கட்டி வைத்திருந்தார். "நான் இதுக்கு லாயக்கில்ல சார், ஊர்ல எல்லாரும் என்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சிட்டிருக்காங்க" என்றார். அன்று இரவு வெகுநேரம் பேசினோம். பேச்சுவாக்கில் இந்த ஃப்ரோடோ கதையும் வந்தது. படம் அவர் பார்த்திருந்தார், புத்தகத்தின் முடிவு தெரியாது. சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப ஊர்ல அவனை என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். ஊரில் அவனை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் நாவலில் வருகிறது. அதைச் சொன்னதும் முதன்முறையாகச் சிரித்தார். கதை அவரைக் குணப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் லீவு கொடுத்த மேலதிகாரிக்கும், ஊரிலிருந்து உடனே வந்த அவர் அண்ணனுக்கும்தான் அதில் பெரிய பங்கு. ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்டாரே, அதற்கு அந்தக் கதை உதவியது.

தோல்வியே தெரியாத நாயகர்களை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, தன் வாழ்க்கையில் முதல் தோல்வி வரும்போது அதை வைக்க மனதில் ஒரு அலமாரி இருக்காது. அரியர் விழுந்த தம்பி, கேம்பஸில் பெயர் வராத தங்கை, இவர்கள் தனியாக அறையில் உட்கார்ந்திருக்கும்போது நாம் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டோம். அவர்கள் எப்போதோ படித்த ஒருவன் மட்டும் பக்கத்தில் இருக்கலாம். அவன் கொஞ்சம் பயந்தவனாக, கொஞ்சம் தோற்றவனாக, ஆனால் மேலும் நான்கு அடி நடந்தவனாக இருக்கட்டும்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரேங்க் வாங்கியவர்களுக்குப் பரிசு தருகிறோம், தர வேண்டியதுதான். அடுத்த ஆண்டு மலரில் மாணவர்கள் எழுதும் கதைகளுக்கும் நாலு பக்கம் ஒதுக்குங்கள். அச்சுச் செலவில் என் பங்கை நான் தருகிறேன். தம்பி தங்கைகள் கதையை மன்றத்தில் கொடுங்கள், நான் படித்துப் பென்சிலில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். நேம் பிளேட்டை மட்டும் மறக்காமல் ஒட்டி அனுப்புங்கள்.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது.